சிங்கப்பூர் சேமிப்பு: கையில் கொண்டு வருவதா, வங்கியில் அனுப்புவதா?

சிங்கப்பூரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, பெர்மிட்டை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஊர் புதுக்கோட்டைப் பக்கம். சிங்கப்பூர் வங்கிக் கணக்கில் 38,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், சேர்ந்திருக்கிறது. வெள்ளிக்கு 66 ரூபாய் என்று வைத்தால் 25 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். பாதியில் நிற்கும் வீட்டை முடிக்க வேண்டும், தங்கை கல்யாணக் கடனில் மிச்சத்தை அடைக்க வேண்டும், கையில் நிற்பதை வைத்து ஏதாவது தொழில் தொடங்க வேண்டும். இந்தப் பணத்தை எந்த வழியில் ஊருக்குக் கொண்டு சேர்ப்பது?

திருச்சியில் கணக்கு, வரி வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். "ரொக்கமாகக் கொண்டு வந்தால் ஏர்போர்ட்டில் பிடித்துக்கொள்வார்களா சார்?" என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். சொல்லிவிட்டுக் கொண்டு வந்தால் பிடிக்க மாட்டார்கள். வெளிநாட்டுப் பணத்தை இந்தியாவுக்குள் கொண்டுவர உச்சவரம்பே கிடையாது. ஒரு அளவைத் தாண்டினால் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம் கேட்பது. ஆனால் அனுமதி இருக்கிறது என்பதற்காக அதுவே நல்ல வழி என்று ஆகிவிடாது. பெரிய தொகை வங்கி வழியாக வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கமிஷன் மிச்சம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று இரண்டு மூன்று வருடம் கழித்து யாராவது கேட்கும்போது, மேஜைமேல் எடுத்து வைக்க ஒரு காகிதம் வேண்டும். எந்த வழியில் அந்தக் காகிதம் தானாகவே கைக்கு வருகிறது, எந்த வழியில் நாம் தேடிப் போய் வாங்க வேண்டும், எந்த வழியில் அது வரவே வராது என்று பார்த்தாலே முடிவு பாதி தெளிந்துவிடும்.

ரொக்கம்: இரண்டு எல்லை, இரண்டு கணக்கு

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 20,000 வெள்ளி என்ற எண் நன்றாகத் தெரியும். 20,000 வெள்ளிக்கு மேல், எந்த நாட்டு நோட்டாக இருந்தாலும் அதன் மதிப்பைக் கூட்டிப் பார்த்து, உள்ளே கொண்டு வந்தாலும் வெளியே எடுத்துப் போனாலும் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பயணக் காசோலை, பெயர் எழுதாத காசோலை மாதிரியானவையும் இதில் சேரும். 2024 மே மாதத்திலிருந்து இதை ஆன்லைனில்தான் பதிய வேண்டும். பதியாமல் போனால் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கோளாறு ஆரம்பிப்பது இந்த எண்ணை மட்டும் தெரிந்து வைத்திருப்பதில்தான். சாங்கியில் 15,000 வெள்ளியோடு விமானம் ஏறுகிறவர் சட்டப்படி யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அதே ஆள், அதே பையோடு நான்கு மணி நேரம் கழித்துத் திருச்சியில் இறங்கும்போது நிலைமை வேறு. இந்திய விதிப்படி நோட்டாக மட்டும் 5,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினால் சுங்கத் துறையிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். நோட்டு, பயணக் காசோலை எல்லாம் சேர்த்து என்றால் 10,000 டாலர். 5,000 டாலர் என்பது ஏறத்தாழ 6,500 வெள்ளிதான். ஆக 15,000 வெள்ளி என்பது இங்கே வரம்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அறிவிக்க எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் அவர் நடந்துவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து அது மறைத்துக் கொண்டு வந்த பணம். மனதில் எந்தக் கள்ளமும் இல்லை, சம்பாதித்த பணம்தான் என்பதெல்லாம் அதற்கு அப்புறம் சொல்லும் விளக்கம்.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே இடைவெளி உண்டு. அமீரகத்தில் 60,000 திர்ஹாம், சவுதியில் 60,000 ரியால், கத்தாரில் 50,000 ரியால் வரை அங்கே வாய் திறக்க வேண்டாம். 60,000 திர்ஹாம் என்பது 16,000 டாலருக்கு மேல். இந்தியாவின் 5,000 டாலரோ 18,360 திர்ஹாமிலேயே வந்துவிடும். புறப்படும் நாட்டின் வரம்பை மட்டும் கேட்டுக்கொண்டு விமானம் ஏறுவது போதாது. இறங்கும் நாட்டின் வரம்பு தனி. இரண்டில் குறைவானது எதுவோ அதுதான் உங்கள் வரம்பு.

சரி, எழுதிக் கொடுப்பது என்றால் என்ன? பெட்டியை எடுத்துக்கொண்டு பச்சை வழிக்குப் போகாமல் சிவப்பு வழிக்குப் போக வேண்டும். கரன்சி டிக்ளரேஷன் ஃபார்ம், சிடிஎஃப் என்பார்கள், அதைக் கேட்டு வாங்க வேண்டும். பெயர், பாஸ்போர்ட் எண், விமான எண், எந்த நாட்டுப் பணம், நோட்டாக எவ்வளவு என்று நிரப்பிக் கொடுத்தால், அதிகாரி பணத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தருவார். சுங்கத் துறையின் 'அதிதி' செயலியில் முன்கூட்டியே பதியவும் வழி இருக்கிறது. பணத்துக்குத் தீர்வை கிடையாது, ஒரு ரூபாய்கூட வாங்க மாட்டார்கள். சிவப்பு என்றாலே பலருக்குப் பயம். தங்கம் பிடிபட்டவர்களை நிறுத்தி வைக்கும் இடம் என்று மனதில் பதிந்துவிட்டது. பணம் வைத்திருப்பவரைக் காப்பாற்றுவது அந்த மேஜையில் கிடைக்கும் முத்திரைதான். அது இல்லாமல் பிடிபட்டால் சுங்கச் சட்டப்படி பணத்தைப் பறிமுதல் செய்யலாம், மேலே அபராதம் போடலாம். மீட்புத் தொகை கட்டித் திரும்ப வாங்கலாம் என்றாலும் அதற்கு ஆகும் காலமும் வக்கீல் செலவும் சேமிப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

கையில் வந்துவிட்டது, அப்புறம்?

ரொக்கத்தின் உண்மையான தலைவலி விமான நிலையத்துக்கு வெளியேதான். 38,000 வெள்ளி என்றால் 100 வெள்ளி நோட்டாக 380. 50 வெள்ளி நோட்டாக 760. ஒரு காலத்தில் 10,000 வெள்ளி நோட்டே இருந்தது, நான்கு நோட்டில் வேலை முடிந்திருக்கும். கறுப்புப் பணம் கைமாற அது வசதியாக இருக்கிறது என்று 2014 அக்டோபரோடு அதை வெளியிடுவதை நிறுத்தினார்கள். 1,000 வெள்ளி நோட்டும் 2021 ஜனவரியிலிருந்து புதிதாக வருவதில்லை. ஆகவே இன்று பெரிய தொகை என்றால் கண்ணுக்குத் தெரியும் கட்டு. பெட்டியில் போட்டு ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது. கைப்பையில் வைத்து, வீடு போய்ச் சேரும் வரை அதையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதை ரூபாயாக மாற்றும் இடத்தில் அடுத்த ஆச்சரியம். உரிமம் பெற்ற பணமாற்றுக் கடையில் வெளிநாட்டு நோட்டைக் கொடுத்தால், ரூபாயை ரொக்கமாகத் தருவதற்கும் ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. வெளிநாடு வாழ் இந்தியருக்கு 3,000 டாலர் மதிப்பு வரை, உள்ளூரில் குடியிருப்பவருக்கு 1,000 டாலர் மதிப்பு வரை. அதற்கு மேல் காசோலையாகவோ கணக்கிலோதான் வரும். அதாவது வங்கியே வேண்டாம் என்று ரொக்கமாகக் கொண்டு வந்தவர் கடைசியில் வங்கிக்கே போய் நிற்கிறார், அதுவும் குறைந்த விலைக்கு. நோட்டு வாங்கும் விலை எப்போதுமே கணக்குவழி விலையைவிடக் குறைவு. நோட்டை எண்ணி, பாதுகாத்து, திரும்ப வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவைக் கடைக்காரர் நம்மிடம்தான் பிடிப்பார். வெள்ளிக்கு 50 காசு குறைத்தால் 38,000 வெள்ளியில் 19,000 ரூபாய் போச்சு. ஒரு ரூபாய் குறைத்தால் 38,000 ரூபாய்.

ரொக்கமாகவே செலவழித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் வழி அடைபட்டிருக்கிறது. ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். மனை, வீடு விற்பவர் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது. கொத்தனாருக்கு வாரக்கூலி கொடுக்கலாம். சிமெண்ட், கம்பிக் கடைக்காரர் கணக்கில் போடுங்கள் என்றுதான் சொல்வார்.

இந்திய ரூபாயாகவே மாற்றிக் கொண்டு வரலாமா என்றும் கேட்பார்கள். சிங்கப்பூர் தேக்கா பக்கத்துப் பணமாற்றுக் கடைகளில் ரூபாய் கிடைக்கும், ஆனால் ஒருவர் கொண்டு வரக்கூடியது 25,000 ரூபாய்தான். வீட்டுக்குப் போக டாக்ஸிக்கும் வழிச் செலவுக்கும் அது போதும். அதற்கு மேல் ரூபாயை வெளிநாட்டில் சேர்த்து வைப்பதில் உள்ள ஆபத்தை 2016 நவம்பர் 8 காட்டிக் கொடுத்தது. 500, 1,000 நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு 2017 ஜூன் வரை அவகாசம் கொடுத்தார்கள். ஆனால் ஒருவருக்கு 25,000 ரூபாய் வரைதான், அதுவும் விமான நிலையத்தில் சுங்கத்திடம் அறிவித்த சான்றோடு, சென்னை மாதிரி ஒருசில ரிசர்வ் வங்கி அலுவலகங்களில் மட்டும்.

பிரித்துக் கொண்டு வருவது, அடுத்தவர் கவர்

"நான் கொஞ்சம், கூட வருகிற நண்பன் கொஞ்சம் வைத்துக்கொள்கிறோம்." இது அடிக்கடி வரும் யோசனை. 38,000 வெள்ளியை இருவர் 19,000 வீதம் பிரித்தால் சிங்கப்பூர் எண்ணுக்குள் அடங்கும். இந்திய எண்ணை இருவருமே தாண்டுவார்கள். பிரச்சினை ஒன்றாக இருந்தது இரண்டானதுதான் மிச்சம். அமெரிக்காவில் குடும்பமாகப் போகிறவர்களின் பணத்தைச் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். அங்கே 10,000 டாலர் வரம்பைத் தவிர்க்கவென்று பிரிப்பதே தனிக் குற்றம். பிரிட்டனிலும் குடும்பமாகப் போனால் 10,000 பவுண்டு என்பது மொத்தத்துக்கு.

இதைவிட எனக்குப் பயம் தருவது அடுத்தவர் கொடுக்கும் கவர். "அண்ணே, நீங்கதான் ஊருக்குப் போறீங்களே, இதை அம்மாகிட்ட சேர்த்துடுங்க." பாசமாகக் கேட்பார்கள், மறுக்க மனம் வராது. கவரைத் திறந்து எண்ணிப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று அப்படியே பையில் போட்டுக்கொள்கிறோம். எல்லையில் சட்டம் பார்ப்பது பணம் யாருடையது என்பதை மட்டுமல்ல, யார் கையில் இருக்கிறது என்பதையும். உங்கள் பணம் 5,000 வெள்ளி, கவரில் 4,000 வெள்ளி என்றால் நீங்கள் வரம்பைத் தாண்டியவர். டிக்கெட்டும் கொஞ்சம் கூலியும் கொடுத்து ஆளை அனுப்பும் 'குருவி' வேலைக்கு முதல் முறையாகப் போகிற பையன்கள் பலர் இப்படி ஒரு கவரில் ஆரம்பித்தவர்கள்தான். கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். மறுக்கவே முடியாத உறவு என்றால் எண்ணி, உங்கள் கணக்கோடு சேர்த்து, யாருடைய பணம் என்பதையும் சொல்லி அறிவித்துவிட்டு வாருங்கள்.

நேர்மையான பணத்துக்குக்கூட மௌனம் என்ன விலை வைக்கும் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு உண்டு. 1994இல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில், பணத்தை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய் ஒரு குடும்பத்தின் பெட்டிகளைக் காட்டிக் கொடுத்தது. கணவரிடம் கேட்டார்கள். தன்னிடம் 8,000 டாலர், மனைவியிடம் 7,000 என்றார். தேடியபோது மொத்தம் 3,57,144 டாலர் இருந்தது. அது திருட்டுப் பணமும் இல்லை, போதைப் பணமும் இல்லை. முறையான ஒரு கடனைத் திருப்பிக் கொடுக்கக் கொண்டு போன பணம் என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. அறிவிக்காத ஒரே காரணத்துக்காக முழுவதையும் எடுத்துக்கொள்வது குற்றத்துக்கு மிஞ்சிய தண்டனை என்று 1998இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. நான்கு வருடம், உச்ச நீதிமன்றம், ஒரே ஓட்டு வித்தியாசம். ஒரு படிவத்தை நிரப்பியிருந்தால் அன்று மாலையே விமானம் ஏறியிருப்பார்.

வங்கி வழி

இப்போது மறுபக்கம். சிங்கப்பூர் கணக்கிலிருந்து இந்தியாவில் உங்கள் சொந்தப் பெயரில் உள்ள என்ஆர்இ கணக்குக்கு, அதாவது வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போட வெளிநாடு வாழ் இந்தியர் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்குக்கு, நேரடியாக அனுப்புவது. அனுப்பும் வங்கியின் கட்டணம், சில நேரம் நடுவில் உள்ள வங்கி பிடிக்கும் தொகை, மாற்று விலையில் உள்ள வித்தியாசம், இந்தியாவில் மாற்றத்துக்கான ஜிஎஸ்டி என நான்கு செலவு. ஜிஎஸ்டி என்றதும் 18 சதவீதம் என்று பதறுவார்கள். அந்த 18 சதவீதம் அனுப்பும் தொகைக்கு இல்லை, சட்டம் கணித்து வைத்திருக்கும் ஒரு சின்ன சேவை மதிப்புக்கு. 25 லட்சம் ரூபாய்க்கு மொத்தமே 1,260 ரூபாய் அளவில்தான் வரும். பணமாற்றுக் கடையில் நோட்டை மாற்றினாலும் அதே வரி உண்டு என்பதால் இந்த விஷயத்தில் ரொக்கத்துக்கு எந்த லாபமும் இல்லை.

கட்டணத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. "கட்டணம் இலவசம்" என்று போட்டுவிட்டு வெள்ளிக்கு 40 காசு குறைத்துக் கொடுப்பவரிடம் 38,000 வெள்ளிக்கு 15,200 ரூபாய் போகும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்று நான் 38,000 வெள்ளி கொடுத்தால் என் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்? இரண்டு மூன்று இடத்தில் ஒரே நாளில் இதைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் யார் மலிவு என்பது உடனே தெரிந்துவிடும்.

என்ஆர்இ கணக்குக்கு நான் அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கணக்கில் விழும் பணம் வெளிநாட்டில் சம்பாதித்தது என்பதற்கு அந்தக் கணக்கே சாட்சி. வெளிநாடு வாழ் இந்தியராக இருக்கும் வரை அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி கிடையாது. அப்பா கணக்குக்கு அனுப்புவதும் தவறில்லை, நெருங்கிய உறவுக்குள் வரும் பணத்துக்கு வரி இல்லை. ஆனால் நாளைக்கு வீட்டை உங்கள் பெயரில் முடிக்கும்போது சிங்கப்பூரிலிருந்து அப்பா, அப்பாவிடமிருந்து நீங்கள் என்று ஒரு சுற்றுக் கதை சொல்ல வேண்டியிருக்கும். நேராக வந்தால் கதை ஒரே வரி. ஊரில் பழைய சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கே அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். வெளிநாட்டில் குடியிருக்கும்போது அந்தக் கணக்கை, வெளிநாடு வாழ் இந்தியரின் உள்ளூர்ப் பணத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியிருக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. வங்கியிலும் யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை.

சிராங்கூன் ரோட்டில் ஞாயிறு மாலை வரிசை நிற்கும் பணம் அனுப்பும் கடைகளும், போன் செயலிகளும் மாதச் சம்பளத்துக்கு நல்ல வழி. விலை பெரும்பாலும் வங்கியைவிட நன்றாக இருக்கும். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெறுகிறவர் கடையில் போய் ரொக்கமாக வாங்கும் வகை, வெஸ்டர்ன் யூனியன் மாதிரியானவை, பெரிய தொகைக்கு உதவாது. ஒரு முறைக்கு 2,500 டாலர், ஒரே ஆளுக்கு வருடத்தில் 30 முறை, ரொக்கமாகக் கையில் 50,000 ரூபாய் வரை என்று இந்தியாவில் வரம்பு இருக்கிறது. 2023 பிப்ரவரியில் வந்த, சிங்கப்பூரின் பேநவ்வையும் நம் யுபிஐயையும் சேர்க்கும் இணைப்பு அருமையான ஏற்பாடு, போன் எண்ணை வைத்தே சில நொடியில் பணம் போய்விடும். தொடங்கியபோது ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்தக் கணக்கில் 25 லட்சத்தை அனுப்ப ஒன்றரை மாதம் போலத் தினமும் உட்கார வேண்டும். அம்மாவுக்கு மருந்துச் செலவு அனுப்ப அதைவிட நல்ல வழி இல்லை.

வங்கி டிராஃப்ட் எடுத்து வருவது பழைய பழக்கம். வசூலாகி வர வாரக்கணக்கில் ஆகலாம், இப்போது அதற்கு அவசியமே இல்லை. தங்கமாக வாங்கி வருவது வேறு விவகாரம். ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்த ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் நகைதான் சலுகை. அது வீட்டுக்காரம்மாவுக்கு வாங்கும் அன்பளிப்பு, சேமிப்பைக் கொண்டு வரும் வழி ஆகாது.

உண்டியல்

ஹவாலா என்றும் சொல்லப்படும் இதைப் பற்றி மென்மையாக எழுத எனக்கு விருப்பமில்லை. அங்கே ஒருவரிடம் வெள்ளியைக் கொடுத்தால் இங்கே வீட்டு வாசலில் ரூபாய் வந்து இறங்கும். விலை வங்கியைவிடக் கூடுதல், கேள்வி இல்லை, விடுமுறை நாள் இல்லை. இதனால்தான் படித்தவர்கள்கூட இதில் விழுகிறார்கள். அனுப்பியவர் மட்டும் மாட்டுவார் என்று நினைப்பது பெரிய தவறு. வெளிநாட்டில் இருப்பவர் சொல்லி, அங்கீகாரம் இல்லாதவர் மூலம் இந்தியாவில் பணம் வாங்குவதே ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி மீறல். அபராதம் தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். ஊரில் கவரைக் கையில் வாங்குவது உங்கள் வயதான அப்பா. 2 லட்சத்துக்கு மேல் ரொக்கமாக வாங்கிய குற்றமும் அவர் தலையில்தான் விழும்.

இப்போது இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. உண்டியல்காரர்கள் ரொக்கத்துக்குப் பதில் யார் யார் கணக்கிலிருந்தோ உங்கள் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்குகளில் ஒன்று ஆன்லைன் மோசடிப் பணம் புரண்ட கணக்காக இருந்தால், எங்கோ வேறு மாநில சைபர் குற்றப் போலீஸ் சொல்லி உங்கள் கணக்கு முடக்கப்படும். சம்பாதித்ததை நிரூபிக்க உங்களிடம் சம்பளச் சீட்டு இருக்கும். ஆனால் அந்தச் சம்பளம்தான் இந்த வழியாக வந்தது என்று காட்ட எதுவுமே இருக்காது. காகிதம் வரவே வராத வழி என்று மேலே சொன்னது இதைத்தான்.

நான் சொல்லும் முடிவு

அந்தப் புதுக்கோட்டைக்காரருக்கு நான் சொல்வது இது. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே என்ஆர்இ கணக்கு உயிரோடு இருக்கிறதா, கேஒய்சி சரியாக இருக்கிறதா, பான் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். முதலில் 500 வெள்ளி அனுப்பி ஒழுங்காக விழுகிறதா என்று சோதியுங்கள். அப்புறம் 35,000 வெள்ளி வரை இரண்டு மூன்று தவணையாக அனுப்புங்கள். எல்லாம் ஒரே நாள் விலையில் மாட்டிக்கொள்ளாது. ஒவ்வொன்றுக்கும் வங்கி தரும் வரவுச் சான்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர் வங்கி ஸ்டேட்மெண்ட், வேலை பார்த்த வருடங்களின் சம்பளச் சான்று, வரிக் கடிதம் எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். கணக்கை மூடிவிட்டால் அப்புறம் ஊரிலிருந்து கேட்டு வாங்குவது பெரும் பாடு. கையில் 1,000, 2,000 வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு எல்லையிலும் யாரும் எதுவும் கேட்க வேண்டியிராத தொகை.

ஒழுங்காகத் திட்டமிட்டவர்களையும் ரொக்கத்துக்குத் தள்ளும் ஒரு இடம் உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளி வேலையை விடும்போது, அவருடைய வரிக் கணக்கு முடியும் வரை கடைசிச் சம்பளத்தை முதலாளி பிடித்து வைக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. பல நேரம் அந்தப் பணம் விமானம் ஏறும் வாரத்தில்தான் வரும், சில முதலாளிகள் ரொக்கமாகவே கொடுத்துவிடுவார்கள். ஆகவே வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள். ஊருக்கு வந்த பிறகும் அந்தக் கணக்கைச் சில மாதம் வைத்திருக்க முடியுமா, ஊரிலிருந்தே இயக்க முடியுமா என்று வங்கியில் கேட்டு வையுங்கள். கடவுச்சொல் குறுஞ்செய்தி பழைய சிங்கப்பூர் எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தால் கணக்கு இருந்தும் பயனில்லை. வேறு வழியே இல்லாமல் கடைசிச் சம்பளம் 8,000 வெள்ளி ரொக்கமாகக் கைக்கு வந்துவிட்டால் பதற்றம் வேண்டாம். சிங்கப்பூரில் சொல்ல வேண்டியதில்லை, திருச்சியில் சிவப்பு வழி, சிடிஎஃப், முத்திரை. அந்தப் படிவத்தின் நகலோடு வங்கியில் கட்டுங்கள்.

திரும்பிய பிறகு என்ஆர்இ கணக்கை அப்படியே ஓட்டக் கூடாது, நிரந்தரமாக வந்துவிட்டேன் என்று வங்கியில் எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். இங்கே ஒரு தேர்வு இருக்கிறது. பணம் முழுக்க ஊரிலேயே செலவாகப் போகிறது என்றால் சாதாரண ரூபாய்க் கணக்கே போதும். பையனை வெளிநாட்டில் படிக்க வைக்கும் எண்ணமோ, மறுபடி வெளியே போகும் எண்ணமோ இருந்தால் ஆர்எஃப்சி என்ற வெளிநாட்டு நாணயக் கணக்கைத் திறந்து ஒரு பகுதியை டாலராகவே வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து வெளிநாட்டுச் செலவு செய்ய, மற்றவர்களுக்கு இருக்கும் வருடத்துக்கு 2,50,000 டாலர் என்ற வரம்பு கிடையாது. ரொக்கமாகக் கொண்டு வந்ததைக்கூட அதில் கட்டலாம், சிடிஎஃப் இருந்தால்.

வீட்டோடு கொஞ்சம் வயலும் வாங்கலாம் என்ற ஆசை பலருக்கும் உண்டு. அதற்கு மட்டும் பொறுத்திருக்க வேண்டும். வெளிநாடு வாழ் இந்தியர் விவசாய நிலம் வாங்க ஃபெமா விதி இடம் தருவதில்லை. சிங்கப்பூரில் இருந்தபடியே பவர் எழுதிக் கொடுத்து அவசரமாகப் பத்திரம் முடிக்காமல், நிரந்தரமாக வந்து, கணக்கை மாற்றி, உள்ளூர்வாசி ஆன பிறகு அதே வங்கிப் பணத்தில் வாங்குங்கள்.